ஊர் நினைவும் ஊர்க்கடனும்

பிறந்த ஊரைப் பிரிந்து வாழ்வோர் அவ்வூரை நினைந்து ஏங்குதல் மனித இயல்பு. கற்றோர்க்கும் கல்லாதார்க்கும், செல்வர்க்கும் வறியோர்க்கும் அது பொது. நம் கல்லூரியின் பழைய மாணவருள் மிகப் பலர் இன்று கடல் கடந்த நாடுகளில் வாழ்கின்றனர். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் அவர்கள் கூடும் கூட்டங்களில் முதலிற் பேசப்படுவதும் ஊர். இறுதியிற் பேசப்படுவதும் ஊர். இவ்விழா மலரும் அந்நினைவோடுதான் பலராற் படிக்கப்படும். ஆதலின் அவ்வேக்கத்தைக் குறித்துச் சில கருத்துக்களை ஈண்டு எடுத்துரைத்தல் பொருந்துமென எண்ணுகின்றோம். ஊரை நினைந்து ஏங்குதல் நன்றோ தீதோ என்பதன்று நம் வினா. அவ்வேக்கம் நமக்கு எவ்வுரிமையைத் தருகின்றது, எக்கடமையை விதிக்கின்றது என்பதே நாம் ஆராயப் புகுவது.

மேனாட்டார் இவ்வேக்கத்தை முதலில் ஒரு நோயாகவே கருதினர். 1688ஆம் ஆண்டிற் சுவிற்சர்லாந்து நாட்டின் பாசல் நகரில் மருத்துவம் பயின்ற யொகான்னஸ் ஹோபர் என்னும் மாணவர், அயல்நாடுகளில் வாழ்ந்த தம் நாட்டவர் ஊரை நினைந்து உண்ணாமலும் உறங்காமலும் மெலிவதை ஆராய்ந்து ஓர் ஆய்வுரை எழுதினார். வீடு திரும்புதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் வலியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் இணைத்து, அந்நோய்க்கு 'நொஸ்டால்ஜியா' என்று பெயரிட்டவர் அவரே. நோயாளியை ஊருக்கு அனுப்பிவிடுவதே தக்க மருந்து என்பது அவர் முடிபு. அந்நோய்க்குப் பெயர் சூட்டிய அதே சுவிற்சர்லாந்தில் இன்று பல்லாயிரம் யாழ்ப்பாணத்தவர் வாழ்கின்றனர் என்பதை எண்ணுங்கால் வியப்பு உண்டாகின்றது. ஆனால் ஹோபர் கூறிய மருந்து அவர்களுட் பெரும்பாலோர்க்கு நெடுங்காலம் கிட்டவில்லை. கிட்டியபோதும் அது நோயைத் தீர்க்கவில்லை. அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

தமிழ் மரபு இதனை வேறொரு பக்கத்திலிருந்து நோக்கியது. ஓதற்பிரிவு, தூதிற்பிரிவு, பகைவயிற்பிரிவு, பொருள்வயிற்பிரிவு எனப் பிரிவுகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. சங்கத்து அகப்பாடல்களிலே பிரிந்து சென்ற தலைவனும் வருந்துவான். எனினும் வீட்டில் இருந்த தலைவியின் வருத்தமே மிகுதியாகப் பேசப்படும். பிரிவின் பாரம் முழுவதையும் பிரிந்து சென்றவனே சுமப்பதில்லை என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். இந்நோக்கு இன்று நமக்குப் பெரிதும் வேண்டற்பாலது. பிரிவென்றதும் நாம் பிரிந்து வந்தோரின் துயரையே பேசுகின்றோம். பிள்ளைகள் நால்வரும் நான்கு நாடுகளில் இருக்க, பெரிய வீட்டின் ஓர் அறையில் விளக்கேற்றி வைத்துத் தொலைபேசி அழைப்புக்குக் காத்திருக்கும் தாய் தந்தையரின் துயர் நம் கூட்டங்களில் அத்துணை பேசப்படுவதில்லை. அவர்கள் ஊரிலேயே இருக்கின்றனர். ஆயினும் அவர்கள் அறிந்த ஊர் அவர்களைச் சுற்றி இல்லை. ஊரைவிட்டு ஓரடியும் நகராமலே ஊரை இழந்தோர் இவர்கள்.

யாழ்ப்பாணத்தார்க்குக் கடற்பயணம் புதிதன்று. வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்த வரலாறு நாம் அறிந்ததே. தொகையாகப் புலம்பெயர்ந்தோருள் முன்னோடிகள் மலாயா சென்றவர்கள். அங்கே 1885ஆம் ஆண்டில் தைப்பிங்கிலிருந்து முதற் புகையிரதப் பாதை திறக்கப்பெற்றது. அக்காலந்தொட்டு, ஆங்கிலங் கற்ற யாழ்ப்பாண இளைஞர் நிலைய அதிபராயும் எழுதுவினைஞராயும் நிலஅளவைத் துறையினராயும் அந்நாட்டிற் பணியாற்றச் சென்றனர். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் அவர்கள் கந்தசுவாமி கோயிலை எழுப்பினர். 1904ஆம் ஆண்டில் விவேகானந்த ஆச்சிரமத்தை நிறுவினர். சிங்கப்பூரின் கட்டோங் பகுதியிலுள்ள செண்பக விநாயகர் கோயிலும் ஈழத்துச் சைவர் வளர்த்ததே.

அவர்களும் ஊரை நினைந்து ஏங்கினர். ஆனால் அவ்வேக்கத்துக்கு ஓர் எல்லை இருந்தது. உத்தியோகத்துக்கு முடிவு உண்டு. முடிவில் ஓய்வூதியம் உண்டு. ஓய்வூதியத்தோடு ஊருக்குத் திரும்பும் கப்பலும் உண்டு. மாதந்தோறும் காசுக்கட்டளை வந்தது. இடையிடையே விடுமுறையில் அவர்களே வந்தனர். ஐம்பத்தைந்து வயதில் வந்து தங்கிவிட்டனர். 'மலாயன் பென்சனியர்' என்றொரு வகுப்பாரே நம் கிராமங்களில் உருவாயினர். அவர்களின் கல்வீடுகள் இன்றும் பல ஊர்களிற் காணப்படுகின்றன. கோயிற் கேணிகளும் பாடசாலைக் கட்டடங்களும் பலவாறு அவர்கள் பொருளால் எழுந்தன. 1942ஆம் ஆண்டில் யப்பானியர் மலாயாவைக் கைப்பற்றியபோது காசுக்கட்டளை நின்றது. பல குடும்பங்கள் மூன்றாண்டுகளுக்கு மேலாகச் செய்தியின்றித் தவித்தன. திரும்பி வரும் பிரிவிலும் இடர் உண்டு என்பதை அக்காலம் காட்டியது. எனினும் பிரிந்தோர் திரும்புவர் என்னும் நம்பிக்கை அவ்வேக்கத்தைத் தாங்கும் தூணாய் நின்றது.

1983ஆம் ஆண்டு யூலை மாத வன்செயல்களின் பின்னர் ஏற்பட்ட பிரிவு இத்தகையதன்று. அதற்கு முன்னரும் உயர்கல்விக்கும் உத்தியோகத்துக்குமாகப் பலர் இங்கிலாந்து முதலிய நாடுகளுக்குச் சென்றதுண்டு. 1983இன் பின்னர்ச் சென்றோரோ பொருள் தேடிச் சென்றாரல்லர். உயிர் தேடிச் சென்றனர். 1986ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் 155 தமிழர் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் அத்திலாந்திக் கடலில் மிதந்து, கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரையருகே மீனவராற் காப்பாற்றப்பட்டனர். பனியையும் மூடுபனியையும் புத்தகத்திலன்றிக் கண்டறியாத நம்மவர் புதிய நாட்டுக்கு வந்த முறை அது. அவர்கள் கையிற் பெட்டியும் இல்லை. திரும்பும் நாளும் இல்லை. உணவுச்சாலைகளின் பின்புறத்திலும் தொழிற்சாலைகளின் இரவு வேலையிலும் அவர்கள் தம் இளமையைக் கழித்தனர். அந்த இரவுகளில் ஊர் நினைவே அவர்களுக்கு உறுதுணையாயிற்று. பூவரசங் கதியால் நாட்டிய வேலியும், துலாக் கிணற்றின் ஓசையும், தைமாத இரவில் விண் கூவும் பட்டமும், ஆடிப்பிறப்புக் கூழும் கொழுக்கட்டையும் மனத்தில் இருந்ததனாலன்றோ பலர் மனந்தளராது நின்றனர்? அந்நினைவை எள்ளுதல் எவர்க்கும் தகாது. ஹாம் நகரில் 2002ஆம் ஆண்டிற் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோயிலும், பாரிஸ் வீதிகளில் ஆண்டுதோறும் பவனி வரும் மாணிக்க விநாயகர் தேரும் அந்நினைவின் திரண்ட வடிவங்களே.

ஆயினும் ஊர் ஏக்கம் கடல் கடந்தோரின் தனியுடைமை என்று நாம் எண்ணுவோமாயின் அது பெரும் பிழையாகும். 1990ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்த மயிலிட்டி மக்களுக்கு அவர்களின் மீன்பிடித் துறைமுகம் 2017ஆம் ஆண்டிலேயே திரும்பக் கிடைத்தது. இடைப்பட்ட இருபத்தேழு ஆண்டுகளிலே பல குடும்பங்கள் தம் வீட்டிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள முகாம்களில் வாழ்ந்தன. முகாமிற் பிறந்த பிள்ளை முகாமில் வளர்ந்து முகாமிலே மணமுஞ் செய்துகொண்டது. கடல் மணம் காற்றில் வரும் தொலைவில் இருந்தும் கடலுக்குச் செல்ல இயலாத மீனவரின் ஏக்கத்துக்கு எந்த நாட்டு விமானச் சீட்டு மருந்தாகும்? வலிகாமம் வடக்கில் இன்னும் உரியோரைச் சேராத காணிகள் உண்டு.

மற்றுமொன்றையும் மறவாது கூறல் வேண்டும். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகள் இயக்கத்தினரால் ஓரிரு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். சோனகதெருவிலே தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்த தையற்காரரும் இரும்பு வணிகரும் ஆசிரியரும் வெறுங்கையராய்ப் புத்தளத்தை அடைந்தனர். அவர்கள் அங்கே உப்புக் காற்றில் ஓலைக் குடிசைகளில் இருந்து நினைத்து ஏங்கியது நம் யாழ்ப்பாணத்தையே. ஐந்தாண்டுகள் கழித்து, 1995ஆம் ஆண்டில், அதே ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில், மழையில், நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குச் சென்றனர். ஒன்றன் பயனாக மற்றொன்று நிகழ்ந்ததென்று கணக்குப் பார்த்தல் அறமன்று. துன்பத்தைத் துன்பத்தால் ஈடு செய்தல் இயலாது. ஆனால் ஒரே நாளில் இரு பிரிவுகளை நினைக்கக் கடமைப்பட்ட ஊர் நம் ஊர். ஒன்றை நினைந்து அழுது மற்றொன்றை மறந்துவிடும் ஊர்ப்பற்று அரைப் பற்றேயாகும்.

இனி, ஊர் திரும்பியோரையும் ஏக்கம் ஏன் விடுவதில்லை என்பதை நோக்குவோம். 2009ஆம் ஆண்டிற் போர் முடிந்தது. 1990இல் நின்றுபோன யாழ்தேவி 2014ஆம் ஆண்டில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. 2019ஆம் ஆண்டிற் பலாலி விமான நிலையம் சருவதேச விமான நிலையமாகத் திறக்கப்பெற்றது. தொலைவு குறைந்தது, ஏக்கம் குறையவில்லை. நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாட்களிலும் வீதியில் நின்று நோக்கின், திரும்பி வந்தோரின் முகங்களில் மகிழ்ச்சியோடு ஒருவகைத் திகைப்பும் கலந்திருத்தல் புலனாகும். கிடுகு வேலி இருந்தவிடத்தில் மதில் நிற்கின்றது. துலா நின்றவிடத்தில் மின்னியந்திரம் நிற்கின்றது. சங்கடப் படலை இல்லை. பெயர் சொல்லி அழைத்தோர் இல்லை. ஒழுங்கையில் எதிர்ப்படும் இளைஞன், "ஆரைத் தேடுறியள், ஐயா?" என்று வினவுகின்றான். நாம் தேடியது ஓர் இடத்தையன்று, ஒரு காலத்தையே என்பது அப்பொழுதுதான் தெளிவாகின்றது. இடத்துக்குத் திரும்பலாம், காலத்துக்குத் திரும்புதல் எவ்வாறு? இதனாலேதான் ஹோபர் கூறிய மருந்து பலிக்கவில்லை.

இவ்விடத்திலேதான் ஏக்கம் இரு வழியாகப் பிரிகின்றது. ஒரு வழி, ஊர் மாறிவிட்டதே என்று ஊரின்மீது குறை கூறுவது. 'பிள்ளைகள் கெட்டுவிட்டன, ஒழுக்கம் போயிற்று, நம் காலத்துக் கல்லூரி இன்று இல்லை' என்ற பேச்சு இவ்வழியில் எழுவது. நாம் பிரிந்த நாளில் இருந்தபடியே ஊர் இருத்தல் வேண்டும், நாம் மட்டும் மாறலாம், வளரலாம், புதிய வசதிகளைத் துய்க்கலாம் என்று எண்ணுவது நீதியாகுமா? யாழ்ப்பாணத்தில் வாழும் இளைஞன் நம் இளமை நினைவுகளுக்குக் காவற்காரனல்லன். போரையும் முற்றுகையையும் இடப்பெயர்வையும் கண்ட பெற்றோரின் பிள்ளை அவன். மண்ணெண்ணெய் விளக்கிற் படித்துப் பரீட்சை எழுதிய தலைமுறையும் அங்கேதான் இருந்தது. அவர்களுக்கு ஒழுக்கம் போதிக்கும் தகுதி தொலைவில் இருந்ததனால் மட்டும் நமக்கு வந்துவிடாது.

மற்றொரு வழி, ஏக்கத்தைக் கடமையாக ஏற்பது. 1893ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்ற சுவாமி விவேகானந்தர், 1897ஆம் ஆண்டு சனவரியில் தாய்நாடு திரும்பும் வழியில் யாழ்ப்பாணம் வந்தார். இந்துக் கல்லூரியில் வேதாந்தம் குறித்துச் சொற்பொழிவு நிகழ்த்தினார். அவ்வாண்டு மே மாதத்தில் இராமகிருஷ்ண மிஷனை நிறுவினார். நான்காண்டுப் பிரிவின் பயனை நான்கு மாதங்களில் ஒரு நிறுவனமாக்கிய செயல் அது. தம் நாட்டை வேற்று நாட்டில் புகழ்ந்தவர், நாடு திரும்பியதும் அதன் வறுமையையும் அறியாமையையும் மறையாது எடுத்துரைத்தார். அவர் அன்பிற் கண்டிப்பும் இருந்தது, உழைப்பும் இருந்தது.

நம் காலத்திலும் இதற்கு உதாரணம் உண்டு. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பராயின. அந்த இழப்பை நினைந்து அழாத யாழ்ப்பாணத்தவர் இலர். ஆயினும் அழுகை ஒரு நூலையும் மீட்டுத் தரவில்லை. 2005ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகத்தில், உள்ளூரிலும் வெளியூரிலும் உள்ள தொண்டர்கள் பழைய நூல்களையும் சஞ்சிகைகளையும் பாடசாலை மலர்களையும் பக்கம் பக்கமாகப் படியெடுத்துச் சேர்த்தனர். இன்று எந்நாட்டில் இருப்பவரும் அவற்றைக் கட்டணமின்றிப் படிக்கின்றனர். ஏக்கம் செய்யத்தக்க வேலை இதுவே. இதிற் பெயர்ப்பலகை இல்லை. திறப்பு விழா இல்லை. பயன் மட்டும் உண்டு.

வெளிநாட்டுப் பணம் ஊரைக் காத்தது உண்மை. போர்க்காலத்தில் அடுப்பெரிந்த வீடுகள் பலவற்றில் அது வெளிநாட்டுப் பணத்தால் எரிந்தது. கல்லூரிகளின் மண்டபங்களும் ஆய்வுகூடங்களும் விளையாட்டுத் திடல்களும் பழைய மாணவரின் கொடையாற் பொலிவு பெற்றன. அதனை மறுப்பார் நன்றி மறந்தோராவர். ஆனால் கொடுத்தவன் அக்கொடையினாலேயே ஆட்சியும் தனதென்று கருதுவானாயின், அது கொடையன்று, விலை. எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை, எந்த வகுப்பறைக்குக் கூரை ஒழுகுகின்றது என்பதை அங்கே நாள்தோறும் நிற்கும் அதிபரும் ஆசிரியருமே அறிவர். கோபுரம் ஒன்று உயர்ந்தால் பக்கத்து ஊர்க் கோபுரம் அதனினும் உயர வேண்டுமென்று பொருள் குவிக்கும் நாம், அதே ஊரின் சிறு பாடசாலை பிள்ளைகள் குறைந்து மூடப்படும் நிலையை நோக்குவதில்லை. பெருங்கல்லூரிகளுக்குப் பழைய மாணவர் பலர். தீவகத்துச் சிறு பாடசாலைகளுக்கு யார் உளர்?

யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகை 1981ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டிருந்தது. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஆறு இலட்சத்துக்கும் குறைந்தது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் 2010ஆம் ஆண்டில் ஒன்பது உறுப்பினரைப் பாராளுமன்றம் அனுப்பியது; 2024ஆம் ஆண்டில் ஆறு உறுப்பினரையே அனுப்பியது. நாம் பிரிந்ததன் விலையை ஊர் இவ்வாறு செலுத்துகின்றது. பூட்டிய வீடுகளில் வௌவால் குடியிருக்கின்றது. வளவுகளிற் பற்றை மண்டுகின்றது. தோட்டங்கள் தரிசாய்க் கிடக்கின்றன. அதே ஊரிற் காணியில்லாக் குடும்பங்களும் உள. என்றோ ஒருநாள் திரும்பி வருவோம் என்னும் எண்ணத்தால் மட்டும் பூட்டி வைத்த வீட்டை நம் ஊர்ப்பற்றின் சின்னமென்று கூறலாகாது. அவ்வீட்டில் ஒரு குடும்பம் நியாயமான உடன்படிக்கையோடு வாழுமாயின், கிணற்றில் நீர் இறைக்கப்படும், முற்றம் கூட்டப்படும், மாலையில் விளக்கு எரியும். வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத குடாநாடு நம்முடையது. சுண்ணக்கற் பாறையினுள் மழை நீர் தங்குவதே நம் வாழ்வு. மிகையாக இறைத்தால் உப்பு நீர் ஏறும். குளங்களைத் தூர்வாரவும் மழைநீரைத் தேக்கவும் நாம் கொடுக்கும் பொருள், இன்னும் ஒரு வரவேற்பு வளைவுக்குக் கொடுக்கும் பொருளினும் நீண்டகாலம் நிற்கும்.

அரசியலிலும் இவ்வளவு அடக்கம் நமக்கு வேண்டும். பாதுகாப்பான தொலைவில் இருந்துகொண்டு, ஊரிலிருப்போர் இன்னது செய்க, இன்னது துறக்க என்று கட்டளையிடுதல் எளிது. அதன் விளைவை ஏற்போர் வேறு. கருத்துக் கூறுதல் யாவர்க்கும் உரியது. நீதி கேட்டுக் குரல் எழுப்புதலும் காணாமற் போனோரின் தாய்மார்க்குத் துணை நிற்பதும் கடமையே. ஆனால் முடிவு, அம்முடிவோடு வாழப்போகின்றவர்க்கே உரியது.

இனி நம் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். வெளிநாட்டிற் பிறந்த பிள்ளை நம் ஏக்கத்தைப் பங்கிட்டுக் கொள்ளவில்லையென்று வருந்துவோர் பலர். தான் காணாத ஊரை நினைந்து அப்பிள்ளை எங்ஙனம் ஏங்கும்? அதன் ஊர் ஸ்காபரோவாக இருக்கலாம், ஹரோவாக இருக்கலாம். எல்லா ஊரும் தம் ஊரென்று கொள்ளும் உள்ளத்தைப் பாடிய கணியன் பூங்குன்றனார் வழிவந்தோர் இதற்கு வருந்துதல் முறையாகாது. ஏக்கத்தைப் பிள்ளைகள்மீது சுமத்தலாகாது, அறிவைக் கொடுக்கலாம். தமிழைக் கற்பிக்கலாம். பாட்டனார் எவ்வாறு வாழ்ந்தார், ஏன் பிரிய நேர்ந்தது என்பதை உள்ளவாறு கூறலாம். கூறியபின் அப்பிள்ளை விரும்பி வருமாயின் அது விருந்தினராயன்றி உறவினராய் வரும்.

இறுதியாக, இம்மலரைப் படிக்கும் மாணவர்களை நோக்கி ஒன்று கூற விரும்புகின்றோம். இக்கட்டுரையின் தலையாய கருத்தும் அதுவே. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின் பின்னர் நாட்டைவிட்டுப் புறப்பட எண்ணும் இளைஞர் தொகை பெருகியது. நம் கல்லூரி வகுப்பறைகளிலும் பலர் மனத்தால் முன்னரே புறப்பட்டுவிட்டனர். இதற்கு வறுமையும் வேலையின்மையும் நம்பிக்கையின்மையும் காரணங்கள். இவற்றோடு மற்றுமொரு காரணமும் உண்டு. அது வெளிநாட்டில் வாழ்வோரைச் சார்ந்தது. திருவிழாக் காலத்தில் ஊருக்கு வருவோர் நகையையும் புதிய உடையையும் வாடகை வாகனத்தையும் காட்டுகின்றனர். அந்நகையை வாங்க இரண்டு வேலை பார்த்ததைக் கூறுவாரிலர். பிள்ளையோடு பேச நேரமில்லாது கழிந்த ஆண்டுகளைக் கூறுவாரிலர். பட்டம் பெற்றும் பட்டத்துக்குரிய வேலை கிட்டாது, பழைய நண்பனிடம் அதனைச் சொல்ல நாணியதைக் கூறுவாரிலர். தாயின் இறுதிக் கிரியைக்கு வர விசா கிடைக்காது, தொலைபேசியிற் பறையொலி கேட்டு அழுததைக் கூறுவாரிலர். நம் கடிதங்கள் மறைத்தவற்றை நம் எழுத்தாளரே வெளியிட்டனர். கனடாவில் வாழும் கொக்குவில் அ. முத்துலிங்கத்தின் கதைகளிலும், அளவெட்டிச் சேரனின் கவிதைகளிலும், பாரிஸில் வாழும் அல்லைப்பிட்டி ஷோபாசக்தியின் நாவல்களிலும் அகதி வாழ்வின் சிரிப்பும் கண்ணீரும் ஒளிவின்றிப் பதிவாகியுள்ளன. மாணவர்கள் அவற்றைப் படித்தல் வேண்டும். பழைய மாணவர்களும் பாடசாலைக்கு வரும்பொழுது மேடையிற் பொன்னாடை ஏற்பதோடு நில்லாது, ஒரு வகுப்பறையில் அமர்ந்து தம் வாழ்வை உள்ளவாறு எடுத்துரைத்தல் வேண்டும். ஆய்வுகூடத்தினும் அது குறைந்த கொடையன்று.

உண்மை அறிந்தபின்னும் ஒருவன் புறப்பட விரும்பினால் அவனைத் தடுப்பார் யார்? செல்வது துரோகமன்று, இருப்பது தோல்வியுமன்று. செல்பவன் தான் செல்லும் வாழ்வை அறிந்து செல்க. இருப்பவன் பிறரின் பொய்ப் பொலிவைக் கண்டு தன் வாழ்வை இழிவென்று எண்ணாதிருக்க. யாழ்ப்பாணத்திலேயே இருந்து, சம்பளம் சிறிதெனினும் தம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணிதமும் விஞ்ஞானமும் கற்பித்துப் பல்கலைக்கழகம் அனுப்பிய ஆசிரியர்களும், குண்டுவீச்சிடையே மருத்துவமனையை விட்டு நீங்காத வைத்தியர்களும் தாதியரும் வாழ்ந்த மண் இது. ஊரை நினைந்து ஏங்கும் வாய்ப்பே அவர்களுக்கு இருந்ததில்லை. ஊரைச் சுமக்கும் வேலை இருந்தது. நாம் நினைந்து ஏங்குவதற்கு ஓர் ஊர் இன்னும் எஞ்சியிருப்பது அவர்களால் அன்றோ?

ஆதலின் ஏக்கம் நமக்கு ஊரின்மீது உரிமையெதனையும் தருவதில்லை. ஊரில் இருந்தோர்க்கு நாம் பட்ட கடனையே அது நினைவூட்டுகின்றது. அக்கடனைப் பொருளால் ஒரு பங்கும், உண்மையால் ஒரு பங்கும், அடக்கத்தால் ஒரு பங்குமாக நாம் தீர்த்தல் வேண்டும். கடல் கடந்த பழைய மாணவர் சங்கங்கள் அடுத்த ஆண்டுக்குரிய திட்டத்தை வகுக்குமுன் கல்லூரி ஆசிரியர்க்கு ஒரு கடிதம் எழுதி, "உங்களுக்கு வேண்டுவது யாது?" என்று கேட்குமாயின், இக்கட்டுரை எழுதிய பயனை நாம் பெற்றவர்களாவோம். நம்மை ஆளாக்கிய கல்லூரி அன்னை, இருக்கும் பிள்ளைகளாலும் சென்ற பிள்ளைகளாலும் ஒருங்கே பேணப்பெற்றுப் பல்லாண்டு வாழ எல்லாம் வல்ல இறைவன் திருவருள் புரிவானாக.